போக இடமில்லாத வாடிக்கையாளர்

இலாபம் தேடுவது ஹலால்தான். நானும் அதைத்தான் செய்கிறேன். ஆனால் அதற்கும் ஓர் எல்லை உண்டு. அமெரிக்காவின் இன்சுலின் விலையைப் பார்த்தால் அது விளங்கும்.

நீரிழிவு நோயாளரின் உயிர்காக்கும் இன்சுலின் 1921இல் கனடாவில் கண்டுபிடிக்கப்பட்டது. 1923இல் பென்டிங்கும் இரு சகாக்களும் அதன் உரிமையை ரொரன்ரோ பல்கலைக்கழகத்துக்கு ஆளுக்கு ஒரு டொலருக்கே கொடுத்தார்கள்.

எலி லில்லி கம்பனியின் ஹியூமலொக் இன்சுலின் 1996இல் அமெரிக்கச் சந்தைக்கு வந்தபோது போத்தல் சுமார் 21 டொலர். 2019இல் அதன் பட்டியல் விலை சுமார் 275 டொலர். மருந்து அதேதான். காசில்லாமல் அளவைக் குறைத்து ஊசி போட்டு இறந்தவர்களும் உண்டு. கண்டனங்கள் வலுத்த பிறகு, 2023இல் அதே கம்பனி விலையை 70 சதவீதம் குறைப்பதாக அறிவித்தது. அப்படியானால் முன்னரே குறைத்திருக்கலாமே!

நமது கடையில் விலை கட்டுப்படியாகாவிட்டால் வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போவார். நோயாளி எங்கே போவார்? அவரது தவிப்பை வைத்து விலை போடுவது வியாபாரமாகாது. உணவைப் பதுக்கி விலையேற்றுவதை மார்க்கம் தடுத்திருப்பதும் இதனால்தான். அத்தகைய இலாபத்தில் பரக்கத் இராது.

தட்டுப்பாடு வரும் நாளில், விலைச்சீட்டை மாற்றுமுன் நாமும் இதை ஒருமுறை நினைத்துப் பார்ப்போம்.