யோசிக்கக் கற்றுத் தருமா இன்டர்நெட்?

வேலைக்கு ஆள் எடுக்கும் கம்பெனிகள் தங்கள் விளம்பரங்களில் தவறாமல் கேட்கும் ஒரு தகுதி 'கிரிட்டிக்கல் திங்கிங்'. தமிழில் திறனாய்வுச் சிந்தனை என்கிறார்கள். காதில் விழும் ஒரு வாதத்தைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பார்த்து, அது நிற்குமா விழுமா என்று சொல்லும் பழக்கம் என்று எளிமையாக வைத்துக்கொள்ளலாம். ஜாவா, டேலி போல இதையும் ஆன்லைனில் சொல்லித் தருகிறார்கள்.

பிள்ளையார்பட்டியில் இருக்கும் என் சித்தி மகள் காரைக்குடிக் கல்லூரியில் பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். சென்ற விடுமுறையில் இப்படி ஒரு பாடத்தை முடித்தாள். அவள் சொன்னதையும், அவளுடைய நோட்டைப் புரட்டியபோது கண்ணில் பட்டதையும் வைத்து, இதற்குச் செலவிடும் நேரம் வீணா இல்லையா என்று பார்ப்போம்.

என்ன பாடம்?

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் ஆண்ட்ரூ இங், டாஃப்னி கோலர் இருவரும் 2012-ல் தொடங்கிய தளம் கோர்செரா. அந்த ஆண்டு இறுதியிலேயே அதில் வந்தது 'திங்க் அகெய்ன்' என்ற பாடம். டியூக் பல்கலைக்கழகத்தின் வால்டர் சின்னாட்-ஆம்ஸ்ட்ராங், வட கரோலினா பல்கலைக்கழகத்தின் ராம் நேட்டா ஆகிய இரண்டு தத்துவப் பேராசிரியர்கள் நடத்தியது. முதலில் 12 வாரப் பாடமாக இருந்ததைப் பின்னர் நான்கு தனிப் பாடங்களாகப் பிரித்தார்கள். (2013 ஜனவரியில் எடின்பரோ பல்கலைக்கழகம் இதே தளத்தில் ஆறு பாடங்களை வெளியிட்டது. அவற்றில் ஒன்றும் திறனாய்வுச் சிந்தனைதான். ஆறுக்கும் சேர்த்து 3 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பெயர் கொடுத்தார்கள்.) என் தங்கை எடுத்துக்கொண்டது 'திங்க் அகெய்ன்' வரிசையின் முதல் பாடம். வாதத்தைப் புரிந்துகொள்வது எப்படி என்பது அதன் பொருள்.

வீடியோக்கள் சிறியவை. பேராசிரியரின் ஆங்கிலம் வேகமாகத் தெரிந்தால், பிளேயரில் வேகத்தை 0.75 என்று குறைத்துக்கொள்ளலாம். வீடியோவுக்குக் கீழே அவர் பேசுவது முழுவதும் எழுத்தாக ஓடுகிறது. ஊரில் மாலை நேரத்தில் சிக்னல் படுத்தும் பாட்டில், மொபைலில் வீடியோவை ஒருமுறை பார்த்துவிட்டு, அந்த எழுத்து வடிவத்தை காப்பி செய்து வைத்துக்கொண்டு படித்ததாகச் சொன்னாள். தமிழ் மீடியத்தில் படித்து வந்தவர்களுக்கு இது நல்ல உபாயம்.

ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் க்விஸ். இந்தப் பாடத்தில் எனக்குப் பிடிக்காத பகுதி இதுதான். கொடுத்த விடைகளில் ஒன்றை கிளிக் செய்ய வேண்டும். தவறினால் மீண்டும் எழுதலாம். மூன்றாவது முறை யார் வேண்டுமானாலும் தேறிவிடலாம். "அண்ணே, மார்க் 90 வந்துருச்சு. ஆனா புதுசா ஒண்ணைக் குடுத்தா பிரிக்கத் தெரியல" என்று இரண்டாவது வாரமே போனில் சொன்னாள். சான்றிதழில் இந்தக் குறை தெரியாது.

காவல் வார்த்தைகள்

பாடத்தின் சாரம் சொற்களைக் கவனிப்பதில் இருக்கிறது. ஒரு வாதத்தில் சில சொற்கள் காரணத்தைக் காட்டும், சில முடிவைக் காட்டும். இவை தவிர மூன்று வகைச் சொற்களைப் பேராசிரியர் குறித்துவைக்கச் சொல்கிறார். முதல் வகை, கேட்பவரை நம்பவைக்கும் சொற்கள்: 'எல்லோருக்கும் தெரிந்ததுதான்', 'சந்தேகமே இல்லை'. இரண்டாம் வகை, சொல்பவர் தன்னைக் காத்துக்கொள்ளும் சொற்கள்: 'சிலர்', 'ஒருவேளை', 'இருக்கலாம்'. மூன்றாம் வகை, எதிர்வாதத்தை மட்டம் தட்டும் 'ஆனால்'. 'லேப்டாப் பழசு, ஆனால் விலை குறைவு' என்று கடைக்காரர் சொன்னால் வாங்கச் சொல்கிறார் என்று அர்த்தம். 'விலை குறைவு, ஆனால் பழசு' என்று உங்கள் நண்பர் சொன்னால் வேண்டாம் என்கிறார். இரண்டிலும் தகவல் ஒன்றேதான்.

ஆங்கிலத்தில் காரணமும் முடிவும் தனித்தனிச் சொற்களாக நிற்கின்றன; மஞ்சள் பேனாவால் கோடு போட்டுவிடலாம். தமிழில் அவை வினைச்சொல்லின் வாலில் ஒட்டிக்கொண்டு வருகின்றன. 'மழை பெய்ததால்' என்பது நடந்ததற்குக் காரணம். 'மழை பெய்தால்' என்பது வெறும் நிபந்தனை. நடுவில் ஓர் எழுத்துத்தான் வித்தியாசம். நம்பவைக்கும் வேலையைத் தமிழில் ஓர் ஏகாரமே செய்துவிடும்: 'டாக்டரே சொல்லிட்டாரு', 'நாசாவே ஒத்துக்கிச்சு'. பாடத்தில் தந்த ஆங்கிலச் சொற்பட்டியலை மனப்பாடம் செய்ததால் பலன் இல்லை என்று புரிந்ததும், நோட்டின் கடைசிப் பக்கங்களில் தமிழுக்கு ஒரு பட்டியலை அவளே போட ஆரம்பித்திருக்கிறாள். அதன் பிறகுதான் பாடம் பிடிபட்டது என்கிறாள். என்னைக் கேட்டால், அந்த நான்கு பக்கங்கள் சான்றிதழைவிட உருப்படியானவை.

அந்தப் பட்டியலில் அவள் பெரிய வட்டம் போட்டு வைத்திருந்தது '-ஆம்'. 'வந்தானாம்', 'பிடிச்சாங்களாம்' என்னும்போது, நான் பார்க்கவில்லை, கேள்விப்பட்டேன் என்பதை நம் மொழி சொல்லிவிடுகிறது. கையிலேயே ஒரு காவல் வார்த்தை. ஆனால் செய்தி இரண்டு பேரைத் தாண்டும்போது 'பிடிச்சாங்களாம்' என்பது 'பிடிச்சாங்க' ஆகிவிடுகிறது.

கோயிலுக்கு வயது என்ன?

பயிற்சிக்கு அவள் எடுத்துக்கொண்டது சொந்த ஊரையே. கற்பக விநாயகர் கோயில் 1,600 ஆண்டுப் பழமையானது என்று இன்டர்நெட்டில் பல இடங்களில் இருக்கிறது. வேறு எண்களும் உண்டு. இது முடிவு, காரணம் எங்கே என்று தேடியிருக்கிறாள். குடைவரையில் சிறிய தமிழ்க் கல்வெட்டு ஒன்று உண்டு. அதில் ஒரு பெயர்தான் இருக்கிறது, ஆண்டு இல்லை. எழுத்தின் வடிவத்தை வைத்துத்தான் ஆய்வாளர்கள் காலத்தைக் கணிக்கிறார்கள். அவர்களுக்குள் கருத்து வேறுபாடும் உண்டு.

இதை அவள் பிரித்து எழுதியது இப்படி: எழுத்து இன்ன நூற்றாண்டு வடிவம் என்பது முதல் காரணம். ஆகவே குடைவரை அந்த நூற்றாண்டைச் சேர்ந்தது என்பது முடிவு. நடுவே சொல்லாமல் விட்ட ஒன்று இருக்கிறது. பாறையைக் குடைந்த காலத்திலேயே அந்தப் பெயரையும் வெட்டினார்கள் என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். வாதத்தில் மறைந்திருக்கும் இப்படிப்பட்ட காரணங்களை வெளியே கொண்டுவருவதுதான் பாடத்தின் பிற்பகுதி முழுவதும். கோயில் பழையது அல்ல என்று இதனால் ஆகிவிடாது. எண்ணை எவ்வளவு உறுதியாகச் சொல்லலாம் என்பதுதான் மாறுகிறது. அவளுடைய அப்பத்தாவுக்கு இதில் திருப்தி இல்லை: "பிள்ளையாருக்கே வயசு கேக்குறியாடி?"

இதற்குத் தனி சாஃப்ட்வேர் வேண்டுமா என்று சிலர் கேட்கலாம். பிரவுசரிலேயே இயங்கும் மைண்ட்மப் போன்றவற்றில் வாதங்களைக் கட்டம் கட்டி வரையலாம். நோட்பேடில் டேப் தட்டி, முடிவை மேலேயும் காரணங்களை உள்தள்ளியும் எழுதினாலே போதும் என்பது என் கட்சி.

ஐந்து நிமிட வேலை

இதெல்லாம் கல்லூரிப் பெண்ணின் பொழுதுபோக்கு என்று நினைப்பவர்களுக்காக அவளது நோட்டிலிருந்து இன்னொரு பக்கம். 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, குலதெய்வக் கோயிலுக்குக் காரில் வந்த ஒரு குடும்பத்தினர் வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார்கள். பிள்ளை பிடிப்பவர்கள் என்று கூட்டம் கூடி அடித்ததில் 65 வயதுப் பெண்மணி ஒருவர் இறந்துபோனார். அதற்கு முன்பே, வெளி மாநிலத்திலிருந்து பிள்ளை பிடிப்பவர்கள் வந்திருப்பதாக வாட்ஸ்அப் செய்திகள் ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருந்தன.

அந்த ஆண்டு இந்தியாவில் சுற்றிய ஒரு வீடியோவில், பைக்கில் வரும் இருவர் தெருவில் விளையாடும் குழந்தையைத் தூக்கிச் செல்வார்கள். உண்மையில் அது பாகிஸ்தானின் கராச்சியில் எடுத்த விழிப்புணர்வுப் படம். குழந்தையைத் திருப்பி விட்டுவிட்டு, குழந்தைகளைக் கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அட்டை காட்டுவதோடு முடியும். அந்தக் கடைசிப் பகுதியை வெட்டிவிட்டு அனுப்பினார்கள்.

அவள் எழுதியிருந்த மறைந்த காரணங்கள் மூன்று: வீடியோவில் இருப்பது உண்மைச் சம்பவம், அது நம் பக்கத்தில் நடந்தது, இப்போது நடந்தது. மூன்றில் ஒன்றைக்கூட அந்த வீடியோ காட்டவில்லை. மூன்றையும் பார்ப்பவரே தன் மனதில் சேர்த்துக்கொண்டார். இதைப் பிரித்து எழுத ஐந்து நிமிடம் ஆனதாம். 2018 ஜூலையில் வாட்ஸ்அப் நிறுவனம் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி கட்டுப்பாடு கொண்டுவந்தது. அந்த ஐந்து பேருக்கு அனுப்பலாமா என்பதை சாஃப்ட்வேர் முடிவு செய்யாது.

சேர விரும்பினால்

கோர்செராவில் எவ்வளவு பகுதி இலவசம், சான்றிதழுக்கு எவ்வளவு என்பது அடிக்கடி மாறுகிறது. சேரும் நாளில் பாடத்தின் பக்கத்திலேயே பாருங்கள். பணம் கட்ட வசதியில்லாத மாணவர்கள் நிதி உதவிக்கு விண்ணப்பிக்கலாம். உங்கள் நிலைமையைச் சில பத்திகளில் எழுதித் தர வேண்டும். பதில் வரச் சுமார் இரண்டு வாரம் ஆகும். விடுமுறை தொடங்கும் முன்பே விண்ணப்பியுங்கள்.

நம் நாட்டுப் பாடம்தான் வேண்டும் என்பவர்களுக்கு, ஐ.ஐ.டி.க்களும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து நடத்தும் என்.பி.டெல். இருக்கிறது. ஐ.ஐ.டி. கான்பூர் பேராசிரியர் ஏ.வி. ரவிசங்கர் சர்மாவின் தர்க்கவியல் அறிமுகப் பாடம் அதில் உண்டு. வீடியோக்கள் இலவசம். சற்றுக் கணக்கு மாதிரி இருக்கும், வாட்ஸ்அப் செய்திகளுக்கு உடனே கை கொடுக்காது. என்.பி.டெல். பாடங்களில் சான்றிதழ் வேண்டுமென்றால் வாராந்திரப் பயிற்சிகளுக்கு 25 மதிப்பெண், மையத்துக்கு நேரில் போய் எழுதும் பரீட்சைக்கு 75. அந்தப் பாடம் இந்தப் பருவத்தில் நடக்கிறதா, உங்களுக்கு அருகில் எந்த ஊரில் மையம் என்ற இரண்டையும் பதிவு செய்யும்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.