டி.வி.டி. பிளேயரில் படம் ஓடாதது ஏன்?

கடை திறப்பு விழா, பிள்ளைகளின் திருமணம் ஆகியவற்றைக் கைப்பேசியில் எடுத்து, வீட்டுப் பெரியவர்கள் பார்ப்பதற்காக டிஸ்க்கில் பதிந்து வாங்குவோர் இன்றும் நம்மில் உண்டு. அந்த டிஸ்க் கம்ப்யூட்டரில் நன்றாக ஓடும். வீட்டு பிளேயரில் ஓடாது. பல நேரங்களில் குறை டிஸ்க்கிலும் இல்லை, பிளேயரிலும் இல்லை. பதிந்த முறையில்தான் இருக்கும்.

மூட்டையைப் பார்த்து மட்டும் சரக்கைச் சொல்ல முடியாது என்பது நமக்குத் தெரியும். எம்.பி.4 என்பது மூட்டைதான். உள்ளே இருப்பது பெரும்பாலும் 2003-ல் வந்த ஹெச்.264 என்ற முறையில் சுருக்கிய படம். டி.வி.டி.யோ 1996-லேயே விற்பனைக்கு வந்தது. அதன் சரக்கு எம்பெக்-2. ஆகவே கோப்பை அப்படியே டிஸ்க்கில் போட்டால் போதாது; மாற்றிப் பதிய வேண்டும்.

பதியக் கொடுக்கும்போது கேட்க வேண்டியவை:

1. படம் எம்பெக்-2, நம் நாட்டு பால் முறைப்படி 720×576 அளவு, நொடிக்கு 25 படங்கள்.

2. ஒலி டால்பி ஏ.சி.-3 முறையில், 48,000 ஹெர்ட்ஸ். இசை சி.டி.க்குரிய 44,100 இங்கே பொருந்தாது.

3. பதிந்து முடித்ததும் டிஸ்க்கை 'ஃபைனலைஸ்' செய்திருக்க வேண்டும். இல்லையேல் பல பிளேயர்கள் அதைப் படிக்கமாட்டா.

அடுத்தது கொள்ளளவுக் கணக்கு. சாதாரண டிஸ்க்கின் கொள்ளளவு 4.7 ஜி.பி., அதாவது 3,760 கோடி பிட். இரண்டு மணி நேரத்திற்கு, அதாவது 7,200 நொடிக்குப் பங்கிட்டால், படமும் ஒலியும் சேர்த்து நொடிக்குச் சுமார் 52 இலட்சம் பிட் கிடைக்கும். படம் தெளிவாக இருக்கும். மூன்று மணி நேரத்தைத் திணித்தால் பங்கு 35 இலட்சத்திற்கும் கீழே போகும். ஆட்டம், ஊர்வலம் போன்ற காட்சிகள் கட்டம் கட்டமாகக் கலங்கித் தெரியும். அதற்கு இரண்டு டிஸ்க்காகப் பிரிப்பதே நல்லது. தெளிவு வேண்டுமென்று அளவுமீறி ஏற்றவும் கூடாது. படத்திற்கு உச்சவரம்பு 98 இலட்சம். அதைத் தாண்டினால் பிளேயர் திணறும்.

சரக்கைப் பிரித்துப் பார்த்தபின் பணம் எண்ணிக் கொடுப்பது நம் வழக்கம். இதிலும் அப்படியே, முதல் பிரதியை நம் வீட்டு பிளேயரில் முழுவதும் ஓட்டிப் பார்த்த பிறகு மற்ற பிரதிகளுக்குச் சொல்லுங்கள். அதுவரை கைப்பேசியில் உள்ள மூலப் படத்தை அழித்துவிட வேண்டாம். பணம் போனால் மீண்டும் ஈட்டலாம். மணவறைக் காட்சியை மீண்டும் எடுக்க முடியாது.