மணவாளக்குறிச்சிக் கருமணல்

கொரோனா பரவிய 2020ஆம் ஆண்டில், மார்ச் 25 முதல் ஊரடங்கினால் நெடுங்காலம் வீட்டோடு முடங்கியிருந்த ஜனங்களுக்கு, தமிழ்நாட்டுக் கடற்கரைகள் டிசம்பர் 14ஆம் தேதி மீண்டும் திறந்துவிடப்பட்டபோது, அதிகாலையில் சமுத்திர தீரத்தில் சற்று உலாவி வருவதே பெரும் பாக்கியமாகத் தோன்றியதில் ஆச்சரியமில்லை. இரவில் நிலம் கடலைக் காட்டிலும் விரைவாகக் குளிர்ந்துவிடுவதால் விடியற்பொழுதில் கரையிலிருந்து கடல் நோக்கிக் காற்று வீசும். அந்தத் திறந்த வெளியில், மூச்சோடு வெளிப்படும் நுண்துளிகள் சிதறிப்போகும் என்பதால் வைத்தியர்களுக்கும் அதில் ஆட்சேபம் குறைவு.

முகக்கவசத்தோடு நாகர்கோவிலுக்கு மேற்கே மணவாளக்குறிச்சிக் கரைக்குச் சென்றிருந்த நான் மணலையே அதிகம் பார்த்துக்கொண்டிருந்தேன். காலடி பட்டுக் கலைவதற்கு முன், கருமையும் செம்மையும் வெண்மையுமாக அது வரிவரியாய்ப் படிந்து கிடந்தது. கன்னியாகுமரியில் இந்நிறங்களுக்கெல்லாம் காரணம் தேவியின் நின்றுபோன விவாகமே என்பார்கள். சமைக்காது விட்ட அரிசியும் தானியங்களும் மணலாயினவாம். பூகர்ப்ப சாஸ்திரம் கூறும் கதையும் சுவாரசியத்தில் அதற்குக் குறைந்ததன்று.

மேற்குத் தொடர்ச்சி மலையின் புராதனப் பாறைகள் வெயிலிலும் மழையிலும் சிதைந்து, கடியப்பட்டணத்தருகே கடலில் கலக்கும் வள்ளியாறு போன்ற ஆறுகளின் வழியே கரைக்கு வந்து சேருகின்றன. வெண்ணிறக் குவார்ட்ஸ் நீரைவிட 2.65 மடங்கு கனமுள்ளது; செந்நிறக் கார்னெட் சுமார் 4 மடங்கு; கரிய இல்மனைட் ஏறக்குறைய 4.7, மோனசைட்டோ 5 மடங்கு. ஏறிவரும் அலை எல்லாவற்றையும் வாரிக்கொண்டு வருகிறது. திரும்புகையில் நீரின் ஒரு பகுதி மணலுக்குள் இறங்கிவிடுவதால் வேகம் தளர்ந்து, இலேசான வெண்மணிகளை மட்டும் இழுத்துச் சென்று, கனத்தவற்றைக் கரையிலேயே விட்டுவிடுகிறது. சுளகில் அரிசி புடைப்பவர் கையின் நேர்த்திதான். ஓய்வு மட்டும் இல்லை. தென்மேற்குப் பருவத்தின் முரட்டு அலைகள் வெண்மணலை மேலும் அரித்தெடுக்க, கருமை இன்னும் துலங்கும்.

இம்மணலின் மதிப்பை முதலில் கண்டுகொண்டவர் ஷோம்பர்க் என்னும் ஜெர்மானியர். திருவிதாங்கூரிலிருந்து ஐரோப்பா சென்ற தென்னங்கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் இருப்பதறிந்து, 1909இல் அவர் இக்கரையைத் தேடி வந்தார் என்பது வரலாறு. மோனசைட்டிலுள்ள தோரியத்தின் ஆக்ஸைடோடு சிறிது சீரியம் ஆக்ஸைடும் சேர்ந்தால்தான் காஸ் விளக்கின் மேண்டில் பிரகாசிக்கும். ஐரோப்பிய நகரங்களோ அந்நாளில் அவ்விளக்கையே பெரிதும் நம்பியிருந்தன. பின்னர் மின்சாரம் வந்து மேண்டிலின் மவுசு குறைந்தபோதும், அணுசக்தி யுகம் தோரியத்துக்கு வேறொரு மகிமையை அளித்தது. மத்திய அரசைச் சேர்ந்த, முன்பு இந்தியன் ரேர் எர்த்ஸ் எனப்பட்ட ஐ.ஆர்.இ.எல். நிறுவனத்தின் மணல் ஆலை இன்றும் இவ்வூரில் இருக்கிறது.

கதிர்வீசும் தோரியத்தில் பாதி அழிவதற்கே சுமார் 1,400 கோடி ஆண்டுகள் பிடிக்கும். பிரபஞ்சத்தின் வயதே ஏறத்தாழ 1,380 கோடிதான். அத்தனை மந்தமாகக் கதிர்வீசினாலும், அதன் வழித்தோன்றல்களையும் சேர்த்து இக்கரையின் இயற்கைக் கதிர்வீச்சு பிற இடங்களினும் மிகுதி. இதே வகை மணல் உள்ள கேரளத்துக் கருநாகப்பள்ளி மக்களைப் பல்லாண்டு கவனித்த ஆராய்ச்சியாளர்கள், கதிர்வீச்சினால் அங்கே புற்றுநோய் மிகுந்ததாகக் காணவில்லை என்று 2009இல் தெரிவித்தனர். ஆயினும் அயலூர்க் கணக்கு குமரிக் கரைவாசிகளின் அச்சத்தை முற்றிலும் தீர்த்துவிடவில்லை.