துப்பாக்கியின் கண்

அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பேழைக்குள் சாய்த்து வைத்திருக்கும் பழைய .303 துப்பாக்கியைப் பார்த்திருக்கிறீர்களா? அடுத்த முறை பார்க்கும்போது அதன் கட்டையையும் குழலையும் விட்டுவிட்டு, குழலின் மேல் பொருத்தப்பட்டுள்ள சிறிய இரும்புப் பட்டையைக் கூர்ந்து நோக்குங்கள். அதில் 2, 3, 4 எனத் தொடங்கி 20 வரை எண்கள் வெட்டப்பட்டிருக்கும். ஒவ்வோர் எண்ணும் நூறு கெஜங்களைக் குறிக்கும். அப்படியானால் 20 என்பது 2,000 கெஜம். அதாவது ஒன்றே முக்கால் கிலோமீட்டருக்கும் மேல்! அவ்வளவு தொலைவில் நிற்கும் மனிதன் வெறும் கண்ணுக்கு ஒரு புள்ளியாகத்தான் தெரிவான். பின் எதற்காக அந்த எண்?

பழைய பிரிட்டிஷ் படைத் துப்பாக்கிகளைச் சேகரிப்பவர்கள் முதலில் பார்ப்பது இந்தக் குறிகாட்டியைத்தான். ஏன் என்பதை அறிய, நாம் சிறிது இயற்பியலிலிருந்து தொடங்குவோம்.

குண்டு நேர்க்கோட்டில் செல்வதில்லை

குழலை விட்டு வெளிவந்த கணத்திலேயே குண்டு கீழே விழத் தொடங்குகிறது. மேசையிலிருந்து உருண்டு விழும் கோலிக்கு என்ன விதியோ, அதே விதிதான் குண்டுக்கும். முதல் ஒரு வினாடியில் அது விழும் தொலைவு 4.9 மீட்டர்.

1853ஆம் ஆண்டு மாதிரி என்ஃபீல்டு துப்பாக்கியை எடுத்துக்கொள்வோம். அதன் குண்டு வினாடிக்கு ஏறத்தாழ 270 மீட்டர் வேகத்தில் வெளிவந்தது. காற்றின் தடையைக் கணக்கில் கொள்ளாவிட்டால், 270 மீட்டர் தொலைவை (சுமார் 300 கெஜம்) கடக்க ஒரு வினாடி ஆகும். அதற்குள் குண்டு 4.9 மீட்டர் இறங்கிவிடும். நேராகக் குறி வைத்தால் இலக்கின் காலடிக்கும் முன்பே மண்ணில் புதைந்துவிடும்.

ஆகவே குழலைச் சற்று மேல்நோக்கிச் சாய்க்க வேண்டும். எவ்வளவு என்பதை வீரனுக்குச் சொல்வதே குறிகாட்டியின் வேலை. குழலின் வாயருகே ஒரு முன்குறி. கண்ணுக்கு அருகே ஒரு பின்குறி. பின்குறியை உயர்த்தினால், அதையும் முன்குறியையும் இலக்கோடு ஒரே கோட்டில் கொண்டுவர, வீரன் குழலின் வாயைத் தூக்கியே ஆகவேண்டும். இரு குறிகளுக்கும் இடையே 80 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். 270 மீட்டருக்கு 4.9 மீட்டர் என்றால், 80 செ.மீ.க்கு எவ்வளவு? ஏறத்தாழ 1.5 செ.மீ. வெறும் ஒத்த முக்கோணக் கணக்குத்தான். இப்போது, அந்தத் துப்பாக்கியின் பின்குறி ஏன் படிகளுடனும், நிமிர்த்தி வைக்கும் ஒரு சிறிய ஏணியுடனும் செய்யப்பட்டது என்பது விளங்கும். 400 கெஜம் வரை படிகள். அதற்கு மேல் ஏணியை நிமிர்த்தி 900 கெஜமும் அதற்கு அப்பாலும்.

இனி 1910இல் வந்த ஏழாம் மாதிரி .303 தோட்டாவைப் பாருங்கள். அதன் வேகம் வினாடிக்கு சுமார் 744 மீட்டர். அதே 270 மீட்டரை 0.36 வினாடியில் கடந்துவிடும். இறக்கம் 65 செ.மீ. மட்டுமே. வேகம் மூன்று மடங்குகூட ஆகவில்லை. இறக்கமோ ஏழில் ஒரு பங்குக்கும் கீழே போய்விட்டது! இறக்கம் நேரத்தின் இருமடியைப் பொறுத்தது அல்லவா? (உண்மையில் காற்றின் தடையால் இரண்டுமே இன்னும் சற்று அதிகமாக இறங்கும்.)

இதனால் ஒரு சிக்கலும் வந்தது. பழைய தோட்டாவுக்காக அளவிடப்பட்ட குறிகாட்டி, புதிய தோட்டாவுக்குப் பொய் சொல்லும். எனவே பழைய துப்பாக்கிகளின் குறிகாட்டிகள் மாற்றப்பட்டன. மாற்றம் பெற்றதற்கு அடையாளமாக 'எச்.வி.', அதாவது அதிவேகம், என்னும் முத்திரை பொறிக்கப்பட்டது. சேகரிப்பாளர் உருப்பெருக்கியை வைத்துத் தேடும் முத்திரைகளுள் இதுவும் ஒன்று.

அரை மில்லிமீட்டர் தவறு

1899இல் தென்னாப்பிரிக்காவில் போயர் போர் மூண்டது. பிரிட்டனிலிருந்து புதிதாகத் திரட்டப்பட்ட குதிரைப்படையினருக்கு லீ-என்ஃபீல்டு துப்பாக்கிகள் வழங்கப்பட்டன. அவற்றில் சுட்டபோது 500 கெஜத்தில் குண்டு 18 அங்குலம் வலப்புறம் விலகிச் செல்வது கண்டறியப்பட்டது.

500 கெஜம் என்பது 18,000 அங்குலம். ஆகவே பிழை ஆயிரத்தில் ஒரு பங்கு. குறிகளுக்கிடையே அரை மீட்டர் இருந்தால், முன்குறி தன் இடத்திலிருந்து அரை மில்லிமீட்டர் தள்ளியிருப்பதற்குச் சமம். நம் கட்டைவிரல் நகத்தின் கனத்தைப் போன்ற தவறு, 500 கெஜத்தில் மனிதனின் தோள் அகலத்துக்குப் பெரிதாகிவிடுகிறது!

இதைச் சரிசெய்ய முன்குறியை எந்தப் பக்கம் நகர்த்த வேண்டும்? பலரும் இடப்பக்கம் என்பார்கள். இல்லை, பிழை எந்தப் பக்கமோ அந்தப் பக்கமே நகர்த்த வேண்டும். ஒரு நீண்ட அளவுகோலின் முனையில் சிறிது மெழுகை ஒட்டி, குறி பார்த்துச் சோதித்தால் காரணம் உங்களுக்கே புரியும். முன்குறி வலப்பக்கம் போனால், அதை இலக்கின் மேல் கொண்டுவர அளவுகோலை இடப்பக்கம் திருப்ப வேண்டியிருக்கும்.

எட்டாத எண்கள்

முதலில் கேட்ட கேள்விக்கு வருவோம். 2,000 கெஜம் எதற்கு? அதுமட்டுமன்று. 1907இல் வந்த குறுங்குழல் லீ-என்ஃபீல்டின் இடப்பக்கத்தில், 2,800 கெஜம் வரை எண்ணிட்ட ஒரு சிறிய வட்டத் தகடும் இருந்தது. தனி மனிதனைக் குறி வைக்க அல்ல அது. நூறு வீரர்கள் வரிசையாக நின்று, தொலைவில் நகரும் படைத்திரளை நோக்கி அதிகாரியின் கட்டளைப்படி ஒரே சமயத்தில் சுடுவார்கள். எந்தக் குண்டு யார் மேல் விழுகிறது என்பது ஒருவருக்கும் தெரியாது. குண்டு மழை பொழிந்தால் போதும் என்பது எண்ணம்.

முதல் உலகப்போர் இந்த எண்ணத்தை மாற்றியது. அந்த வேலையை இயந்திரத் துப்பாக்கிகள் எடுத்துக்கொண்டன. 1916இல் ஏற்கப்பட்ட மாதிரியில் பக்கத் தகடு நீக்கப்பட்டது. பின்குறியைப் பக்கவாட்டில் நகர்த்தும் திருகும் நீக்கப்பட்டது. செய்வது எளிதாயிற்று, ஆயிரக்கணக்கில் விரைந்து செய்ய முடிந்தது.

ஊசித்துளையின் உதவி

இன்னொரு மாற்றமும் நிகழ்ந்தது. பழைய பின்குறியில் 'வி' வடிவ வெட்டு இருந்தது. கண்ணானது பின்குறி, முன்குறி, இலக்கு ஆகிய மூன்றையும் ஒரே சமயத்தில் தெளிவாகக் காண இயலாது. ஒன்று தெளிந்தால் மற்றது மங்கும். 1914ஆம் ஆண்டு மாதிரியிலும், இரண்டாம் உலகப்போரில் பயன்பட்ட நான்காம் எண் துப்பாக்கியிலும், வெட்டுக்குப் பதில் ஒரு சிறு துளை கண்ணுக்கு அருகே வைக்கப்பட்டது.

பயனை நீங்களே சோதிக்கலாம். ஒரு அட்டையில் குண்டூசியால் துளையிடுங்கள். இந்த இதழை எழுத்துகள் மங்கும் அளவுக்குக் கண்ணுக்கு அருகே கொண்டுவந்து, துளை வழியே பாருங்கள். எழுத்துகள் தெளிந்துவிடும்! குறுகிய துளை ஒளிக்கற்றையை மெலிதாக்குவதால், விழித்திரையில் விழும் மங்கல் வட்டமும் சிறிதாகிறது. மேலும், துளை பின்னுக்குப் போனதால் இரு குறிகளுக்கும் இடையிலுள்ள தொலைவு கூடியது. குறி வைக்கும் பிழை குறைந்தது. போர் நெருக்கடியில் இந்தத் துளையும் எளிமையாக்கப்பட்டது: 300, 600 கெஜம் என இரண்டே துளைகள் கொண்ட மடக்குத் தகடு.

வழங்க மறுத்த குறி

இவற்றுள் நம்மோடு நேரடித் தொடர்புள்ள குறிகாட்டி ஒன்று உண்டு. 1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்குப் பின், இந்தியச் சிப்பாய்களுக்கென ஒரு தனித் துப்பாக்கியை ஆங்கிலேயர் செய்தனர். வெளித்தோற்றத்தில் அது என்ஃபீல்டுதான். ஆனால் குண்டைச் சுழலச் செய்து நேராகச் செலுத்தும் சுருள் பள்ளங்கள் குழலுக்குள் இல்லை. ஏணி வடிவப் பின்குறியும் இல்லை. அந்த இடத்தில் அசையாத ஒரு சிறு இரும்புத் துண்டு. தொலைவில் சுட இயலாத துப்பாக்கிக்குத் தொலைவு எண்கள் எதற்கு? ஆங்கிலேய வீரன் பல நூறு கெஜம் குறிவைக்க, அவன் பக்கத்தில் நின்ற சிப்பாய்க்கு அருகிலிருப்பதே எட்டியது. பள்ளங்கள் குழலுக்குள் மறைந்திருப்பவை. பார்ப்பவர் கண்ணுக்குப் படுவது குறிகாட்டிதான். ஓர் அரசு தன் படைவீரர் மேல் கொண்ட அவநம்பிக்கை, அந்தத் துண்டு இரும்பில் எழுதப்பட்டிருக்கிறது.

இதனால்தான் நல்ல சேகரிப்பாளர்கள் பழைய துப்பாக்கியைப் 'புதிது போல்' ஆக்குவதில்லை. பக்கத் தகடு கழற்றப்பட்ட துப்பாக்கிக்கு வேறொன்றிலிருந்து தகட்டை எடுத்துப் பொருத்தினால் அழகாகத்தான் இருக்கும். ஆனால் அது கழற்றப்பட்டது என்னும் செய்தி அழிந்துபோகும். எண்கள் மறையுமளவு மெருகேற்றுவதும் அப்படியே. என்ஃபீல்டு தொழிற்சாலையில் பல்லாண்டுகள் பேணப்பட்ட மாதிரித் துப்பாக்கிகளின் தொகுப்பு, இப்போது லீட்ஸ் நகரிலுள்ள ராயல் ஆர்மரீஸ் அருங்காட்சியகத்தின் பொறுப்பில் உள்ளது. ஒப்பிட்டுப் பார்ப்போருக்கு அதுவே உரைகல்.

கதையின் கடைசி வரி நம் நாட்டில் எழுதப்பட்டது. மேற்கு வங்காளத்தின் இச்சாப்பூர் தொழிற்சாலை 1960களில் இந்தத் துப்பாக்கியை 7.62 மி.மீ. தோட்டாவுக்கு ஏற்ப மாற்றிச் செய்தது. முதலில் அதன் குறிகாட்டியில் 2,000 வரை எண்கள் இருந்தன. அடுத்த மாதிரியில் அது 800 மீட்டரோடு நின்றது. மனிதக் கண்ணால் காண முடிந்த அளவுக்கு எண்கள் இறங்கிவர, அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.