வெறுங்கை அன்று: பண்டிகைக் காலத்தில் படுக்கையிலிருந்தும் தரக்கூடிய பரிசுகள்

சென்ற ஆண்டு தை பிறக்க ஒரு மாதம் இருந்தபோது, டயாலிசிஸ் பிரிவுக்கு வரும் பெரியவர் ஒருவர் எங்களிடம் ஒரு கேள்வி கேட்டார். அது மருந்தைப் பற்றியதும் அன்று, உணவைப் பற்றியதும் அன்று. "மகளுக்குத் தலைப்பொங்கல். சீர் கொண்டுபோக வேண்டும். தீபாவளிச் சீட்டில் கட்டிய பணமெல்லாம் மருந்துக்கே போய்விட்டது. சம்பந்தி வீட்டு வாசலில் வெறுங்கையோடு எப்படிப் போய் நிற்பேன்?" என்றார்.

நவராத்திரி தொடங்கிப் பொங்கல் முடியும்வரை இந்தக் கேள்வி வெவ்வேறு வடிவங்களில் எங்கள் காதுக்கு வந்துகொண்டே இருக்கும். கிறிஸ்துமஸுக்குப் பிள்ளைகளுக்கு ஒன்றும் வாங்கித் தர முடியவில்லையே என்று ஒரு தாய் வருந்துவார். ஊரிலிருந்து ஓடி ஓடி வந்து பார்த்துக்கொண்ட நாத்தனாருக்கு ஒரு புடவைகூட எடுத்துக் கொடுக்கவில்லையே என்று இன்னொருவர் சொல்வார். நோய் வந்தபின் ஒருவர் பெற்றுக்கொள்பவராக மட்டுமே ஆகிவிடுகிறார். கஞ்சி, மாத்திரை, ஆறுதல், கடன் எல்லாம் அவரை நோக்கியே வருகின்றன. கொடுக்கும் இடத்தில் ஒரு நாளாவது நிற்க வேண்டும் என்று அவர் விரும்பினால், அதை வீண் செலவு என்று சொல்லி அடக்கிவிடாதீர்கள் எனக் குடும்பத்தினரை முதலில் கேட்டுக்கொள்கிறோம். அந்த விருப்பத்தைக் கடன் வாங்காமலும் உடலுக்குக் கேடு வராமலும் எப்படி நிறைவேற்றலாம் என்பதையே இந்த இதழில் எழுதுகிறோம்.

பெரியவருக்கு வழி காட்டியவர்கள் நாங்கள் அல்லர். டயாலிசிஸ் நடக்கும் நான்கு மணி நேரமும் கணவருக்காக வெளியே காத்திருக்கும் அம்மா ஒருவர், அந்த நேரத்தில் ஒயர் கூடை பின்னிக்கொண்டிருப்பார். அவர்தாம் மிஞ்சிய ஒயரில் இரண்டு துண்டுகளைப் பெரியவர் கையில் கொடுத்துச் சாதா முடிச்சைக் கற்றுக்கொடுத்தார். மருத்துவமனைக்கு இதைவிடப் பொருத்தமான கைவேலையை நாங்கள் கண்டதில்லை. ஊசி வேண்டாம், பசை வேண்டாம், மின்சாரம் வேண்டாம். ஒரு கத்தரிக்கோல் போதும். மருத்துவர் வந்துவிட்டால் அப்படியே கீழே வைத்துவிடலாம், முடிச்சு அவிழாது. எல்லாவற்றுக்கும் மேலாக, பிளாஸ்டிக் ஒயரைச் சோப்பு நீரில் கழுவித் துடைத்துவிட முடியும். துணியும் கம்பளி நூலும் தூசியையும் கிருமியையும் பிடித்து வைத்துக்கொள்வதுபோல் இது பிடித்து வைப்பதில்லை.

முதலில் அடிப்பாகத்தைத் தட்டையாக முடிந்துகொண்டு, பிறகு நான்கு பக்கமும் மேல்நோக்கி ஏற்றி, விளிம்பில் ஒயர் நுனிகளை உட்புறமாகச் செருகி, கடைசியில் கைப்பிடி போட வேண்டும். நெல்லிக்காய் முடிச்சும் சிவன் கண்ணும் பார்க்க அழகானவை. ஆனால் ஒயர் அதிகம் செலவாகும், விரலுக்கும் வேலை அதிகம். முதல் கூடைக்குச் சாதா முடிச்சே போதும். ஒயரைத் தேவைக்குச் சற்று நீளமாகவே வெட்டிக்கொள்ளுங்கள். பாதியில் குறைந்துபோனால் ஒட்டுப்போடும் இடம் கடைசிவரை கண்ணை உறுத்திக்கொண்டே இருக்கும்.

கை வேலை என்பதால் கையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். டயாலிசிஸுக்காக ஃபிஸ்துலா போடப்பட்ட கையில், ஊசி ஏற்றியிருக்கும் நேரத்தில் எந்த வேலையும் கூடாது. மற்ற நேரத்திலும் அந்தக் கையில் கனமான கூடையைத் தொங்கவிடவோ, மணிக்கட்டைச் சுற்றி ஒயரை இறுக்கிக்கொள்ளவோ கூடாது. கீமோ மருந்துகள் சிலவற்றால் விரல் நுனி மரத்துப்போவது உண்டு. அப்போது ஒயர் தோலை அறுத்தாலும் உடனே தெரியாது. இரத்தத் தட்டணுக்கள் குறைந்திருப்பவர்களுக்குச் சிறு கீறலில் வரும் இரத்தமும் எளிதில் நிற்காது. இத்தகையவர்கள் வெட்டுவதையும் இறுக்குவதையும் உடனிருப்பவரிடம் விட்டுவிட்டு, நிறம் தேர்வதையும் கோலத்தைக் கணக்கிடுவதையும் தம் பங்காக வைத்துக்கொள்ளலாம். நரம்பில் ஊசிக்குழாய் பொருத்தியிருந்தால் அந்த மணிக்கட்டை மடக்கி வேலை செய்யாதீர்கள். குழாய் நழுவினால் இன்னொரு முறை குத்த வேண்டிவரும்.

இனி, நாங்கள் அடிக்கடி 'கூடாது' என்று சொல்ல நேரும் ஒன்று. வார்டில் தூக்கி எறியப்படும் பொருள்களைப் பார்த்தால் கைவேலை தெரிந்தவர்களின் கண்ணுக்கு அவை அழகாகத்தான் இருக்கும். சலைன் புட்டிகள், ஒளி ஊடுருவும் குழாய்கள், சிறு கண்ணாடிப் புட்டிகள், அவற்றின் சிவப்பு, நீல மூடிகள் என்று எத்தனையோ. குழந்தைகள் வார்டில் ஒரு சிறுவன் அத்தகைய மூடிகளைத் தலையணைக்கு அடியில் சேர்த்து வைத்திருந்தான். கிறிஸ்துமஸ் நட்சத்திரத்தில் ஒட்டப்போவதாகச் சொன்னான். அதை வாங்கிக்கொள்ள எங்களுக்கு மனமே வரவில்லை, ஆயினும் வாங்கிக்கொண்டோம். 2016ஆம் ஆண்டின் மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, பயன்படுத்திய குழாய்களும் சலைன் புட்டிகளும் ஊசி நீக்கிய சிரிஞ்சுகளும் சிவப்புப் பைக்குச் செல்ல வேண்டும். மருந்து இருந்த கண்ணாடிப் புட்டிகளுக்கு நீல நிறக் கலம், ஊசிகளுக்கு வெண்ணிறக் கலம், இரத்தம் தோய்ந்த பஞ்சுக்கு மஞ்சள் பை. கழுவிவிட்டால் போதாதா என்று கேட்கிறார்கள். போதாது. வீட்டில் கழுவுவதால் எல்லாக் கிருமியும் போய்விடாது. கீமோ மருந்தின் எச்சம் ஒட்டியிருந்தால் அது குழந்தையின் கைக்கே போகும். அந்தச் சிறுவனுக்குச் சோடா மூடிகளைக் கழுவிக் கொடுத்தோம். முதலில் முகம் சுளித்தான், பிறகு ஒட்டினான்.

நோயாளியின் மேல் படாத, ஈரமாகாத மருந்து அட்டைப்பெட்டிகளை எடுத்துக்கொள்வதில் தடையில்லை. அவற்றைப் பிரித்து உட்புறத்தை வெளியே திருப்பினால் வாழ்த்து அட்டைக்கு ஏற்ற காகிதம் கிடைத்துவிடும். கைப்பேசி வருவதற்கு முன்பு மார்கழிக் கடைசியில் தபால்காரர் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்த பொங்கல் வாழ்த்துகளை உங்களில் பலர் மறந்திருக்க மாட்டீர்கள். பானையும் கரும்பும் வரையத் தெரிய வேண்டும் என்பதில்லை. தினசரி நாட்காட்டியில் கிழித்த தாள்களை முக்கோணமாக வெட்டி ஒட்டினாலே தோரணம் ஆகிவிடும். நோய்த்தொற்று அஞ்சித் தனியறையில் வைக்கப்பட்டிருப்பவருக்கு உறவினர் யாரும் உள்ளே போக முடியாத நாளில், செவிலியர் கையில் கொடுத்தனுப்பும் நான்கு வரிக் கடிதம் பெரிய பரிசு. ஜிகினாத் தூளை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அது படுக்கையிலும் கண்ணிலும் கட்டின் ஓரத்திலும் போய் ஒட்டிக்கொள்ளும். திறந்தால் பாடும் அட்டைகளும் வேண்டாம். அவற்றுள் இருக்கும் பொத்தான் பேட்டரியைக் குழந்தை விழுங்கிவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாய் வெந்து புண்ணாகத் தொடங்கிவிடும். அப்படி நேர்ந்தால் வாந்தி எடுக்கவைக்க முயலாமல் உடனே அவசரப் பிரிவுக்குக் கொண்டுவர வேண்டும். பேட்டரியில் எரியும் கார்த்திகை விளக்குகளிலும், அதன் மூடி திருகாணியால் இறுக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். எண்ணெய் விளக்கை வார்டில் ஏற்ற நினைக்கவே கூடாது. பக்கத்துப் படுக்கையில் ஆக்சிஜன் ஓடிக்கொண்டிருக்கும்.

வீட்டில் இருக்கும் பாட்டிமார்களுக்குக் காகிதக் கூழ்ப் பெட்டி செய்யத் தெரிந்திருக்கும். பழைய செய்தித்தாளை இரண்டு மூன்று நாள் ஊறவைத்து, ஊறிய வெந்தயத்தோடு அரைத்து, கவிழ்த்த பாத்திரத்தின் மேல் அப்பிக் காயவைப்பார்கள். செலவு ஏறக்குறைய ஒன்றுமில்லை. ஆனால் தீபாவளிக்கென்று தொடங்கினால் வடகிழக்குப் பருவமழை காயவிடாது, பூஞ்சை பூத்துவிடும். பொங்கலுக்கென்று மார்கழி வெயிலில் செய்வதே நல்லது. வெள்ளணுக்கள் குறைந்த நோயாளி இருக்கும் அறைக்கு அதைக் கொண்டுவரவும் வேண்டாம். அதே காரணத்தால், வேரில் மண்ணோடு வரும் மஞ்சள் கொத்துக்கும் அங்கே இடமில்லை. சென்ற பொங்கலன்று ஒரு பேத்தி பச்சைத்தாளில் வெட்டிய மஞ்சள் கொத்தைத் தாத்தாவின் கட்டில் கம்பியில் கட்டியிருந்தாள். வார்டில் எல்லாரும் வந்து பார்த்தார்கள்.

பழைய பருத்திப் புடவை வைத்திருப்பவர்கள் அதை என்ன செய்யலாம் என்று எங்களைக் கேட்டால், நாங்கள் முதலில் சொல்வது ஒரு பை. மார்பக அறுவைக்குப் பிறகு சில நாள், நீர் வடியும் குழாயும் அதன் புட்டியும் உடலோடே இருக்கும். பலர் அதைக் கையில் பிடித்துக்கொண்டோ இரவு உடையில் ஊக்கு குத்தியோ நடக்கிறார்கள். யாரேனும் பார்த்துவிடுவார்களோ என்று முந்தானையால் மூடுகிறார்கள். புட்டி அடங்கும் அளவில் ஒரு சிறு பையும், தோளில் குறுக்காகப் போட்டுக்கொள்ள நீளமான வாரும் தைத்துவிட்டால் இரண்டு கையும் விடுபடும். வாரின் நீளம் முக்கியம். புட்டி காயத்தைவிடத் தாழ்வாக, இடுப்பளவில் தொங்க வேண்டும். குழாய் மடங்கக் கூடாது. ஒன்று நனைந்தால் மாற்றிக்கொள்ள இரண்டாகத் தையுங்கள். கொடுப்பதற்கு முன் வெந்நீரில் துவைத்து நல்ல வெயிலில் உலர்த்துங்கள். அதே துணியில் முடி உதிர்ந்த தலைக்கு மென்மையான தலைத்துணியும் கிடைக்கும். இவற்றை ஒரு நோயாளி இன்னொரு நோயாளிக்குத் தைத்துக் கொடுப்பதை நாங்கள் பார்த்திருக்கிறோம். எங்கே தையல் உறுத்தும் என்பது அவர்களுக்குத்தான் தெரிகிறது. அறுவையின்போது அக்குளில் நிணநீர்க் கணுக்கள் நீக்கப்பட்டவர்கள், அந்தப் பக்கக் கையில் ஊசி குத்தாதிருக்க விரலுறை அணிந்து தைக்க வேண்டும்.

உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. பழக்கூடைக்குச் செலவிடும் பணத்தை வைத்துக்கொள்ளுங்கள். அதில் இருக்கும் பழங்களில் பாதியைச் சிறுநீரக நோயாளி தொடவே முடியாது. வெல்லத்திலும் பொட்டாசியம் மிகுதி என்பதால் சர்க்கரைப் பொங்கலுக்கும் இதே பேச்சுத்தான். வீட்டில் கிளறிய தீபாவளி லேகியம்கூட மருத்துவரைக் கேட்காமல் தரக் கூடாதது. அதில் சேரும் அதிமதுரம் இரத்த அழுத்தத்தைக் கூட்டும். திப்பிலியோ சில மருந்துகள் உடலில் சேரும் அளவை மாற்றக்கூடியது. இவற்றுக்குப் பதிலாக ஒரு தாளை நான்காக வெட்டி, நான்கு சீட்டுகள் எழுதுங்கள். 'சனிக்கிழமை இரவு நான் துணைக்கு இருக்கிறேன், நீ வீட்டில் போய்த் தூங்கு' என்று ஒன்று. 'பிள்ளையைப் பள்ளியிலிருந்து அழைத்து வருகிறேன்' என்று இன்னொன்று. 'காப்பீட்டுத் தாள்களோடு நான் வரிசையில் நிற்கிறேன்', 'ஒரு வாரம் சாப்பாடு என் வீட்டிலிருந்து' என்று மற்றவை. நாளையும் நேரத்தையும் அதிலேயே குறித்துக் கொடுங்கள். 'எப்போது வேண்டுமானாலும் சொல்' என்றால் யாரும் சொல்வதில்லை. தேதி இருந்தால் நம்பித் தூங்கப் போவார்கள். வராந்தா பெஞ்சில் மாதக்கணக்கில் படுத்து எழும் துணையாளர்களை நாள்தோறும் பார்க்கும் எங்களுக்கு, எல்லாப் பரிசுகளிலும் உயர்ந்ததாக இதுவே தோன்றுகிறது.

பெரியவரின் கூடை போகிக்கு முந்தின நாள் முடிந்தது. பச்சையும் மஞ்சளுமாக, ஒரு பக்கம் சற்றே சாய்ந்து நின்றது. அதில் ஒரு படி பச்சரிசி, ஒரு வெல்லக்கட்டி, இரண்டு மஞ்சள் கொத்து வைத்து அவர் மனைவி மகள் வீட்டுக்குக் கொண்டுபோனார். கனம் தூக்கக் கூடாது என்பதால் பெரியவர் கூடவே நடந்தார். இவ்வாண்டு பேரக்குழந்தை வந்துவிட்டது. அதன் துணிகளை வைக்கச் சிவன் கண் கூடைதான் வேண்டும் என்கிறார். அவருக்குக் கற்றுக்கொடுத்த அம்மாவுக்கோ சாதா முடிச்சும் நெல்லிக்காயும் மட்டுமே தெரியும். சிவன் கண் பின்னத் தெரிந்தவர்கள் உங்களில் எவரேனும் இருந்தால், செவ்வாய் அல்லது வெள்ளிக்கிழமை காலையில் டயாலிசிஸ் பிரிவின் காத்திருப்புக் கூடத்துக்கு வாருங்கள். ஒயர் வாங்கி வைத்திருக்கிறார்.