ஒன்பது அடிக்கு ஓர் எட்டு

மைதானத்தை ஒரு சுற்று ஓடிவந்து, எத்தனை எட்டு வைத்தோம் என்று எண்ணிப் பார்த்ததுண்டா? பெரிய மைதானத்தில் ஒரு சுற்று 400 மீட்டர், அதாவது சுமார் 1,312 அடி. உங்கள் எட்டு நான்கு அடி நீளம் என்றால் 328 எட்டு வைக்க வேண்டும். கியூபாவின் ஓட்டக்காரர் அல்பெர்தோ ஹுவான்தொரேனாவுக்கு 146 எட்டே போதுமாக இருந்தது. முழு வேகத்தில் அவருடைய ஓர் எட்டு ஒன்பது அடி இருக்கும் என்று சொல்வார்கள். ஊர்க்காரர்கள் அவருக்கு வைத்த செல்லப்பெயர் 'எல் கபாயோ'. ஸ்பானிய மொழியில் 'குதிரை' என்று பொருள்.

அவர் பிறந்தது சாந்தியாகோ என்ற கியூபா நகரத்தில். ஆறடியைத் தாண்டிய உயரம். அதனால் முதலில் ஆடியது கூடைப்பந்து. போலந்திலிருந்து வந்திருந்த பயிற்சியாளர் சிக்முண்ட் சபியெர்சோவ்ஸ்கிதான் அவரை ஓட்டப் பாதைக்கு இழுத்து வந்தார். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் அரையிறுதி வரை வந்துவிட்டார்!

கால் நீளமாக இருந்தால் ஜெயித்துவிடலாமா? ஊஞ்சலை நினைத்துப் பாருங்கள். கயிறு நீளமாக இருந்தால் ஊஞ்சல் மெதுவாகத்தான் போய்வரும். நீளமான கால்களும் அப்படித்தான். சட்டென்று முன்னுக்கு வராது, வீசிக் கொண்டுவரப் பலம் வேண்டும். எட்டின் நீளத்தை ஒரு நொடிக்கு எத்தனை எட்டு என்பதால் பெருக்கினால் கிடைப்பதுதான் வேகம். ஹுவான்தொரேனா நொடிக்கு மூன்றுக்கு மேல் எட்டு வைத்தார், அதுவும் ஒன்பது அடி எட்டு! அந்தத் தொடைகளுக்கு எவ்வளவு எரிபொருள் தேவைப்பட்டிருக்கும்?

தசைக்குச் சக்தி வரும் வழிகள் மூன்று. முதலாவது, மடியில் முடிந்து வைத்த சில்லறை. தசைக்குள்ளேயே தயாராக இருக்கும் ஏ.டி.பி. என்ற சக்தி மூலக்கூறும் கிரியாட்டின் பாஸ்பேட்டும்தான் அது. கேட்டவுடன் கிடைக்கும், ஆனால் பத்து நொடிக்குள் பெரும்பாலும் தீர்ந்துவிடும். இரண்டாவது, கைமாற்று. சர்க்கரையை ஆக்சிஜன் இல்லாமலே உடைத்து அவசரமாகச் சக்தி எடுப்பது. ஒரு குளுக்கோஸுக்கு இரண்டே இரண்டு ஏ.டி.பி.தான் மிஞ்சும், ஆனாலும் வேகமாக வரும். மூன்றாவது, மாதச் சம்பளம். நுரையீரல் இழுத்த ஆக்சிஜனை இதயம் கொண்டுசேர்க்க, அதே குளுக்கோஸிலிருந்து சுமார் முப்பது ஏ.டி.பி. கிடைக்கும். தாராளமான வரவு, ஆனால் மெதுவாகத்தான் வரும். ஓடத் தொடங்கியதும் மூன்றும் சேர்ந்தே வேலை செய்யும். நேரம் போகப் போகப் பங்கு மாறும்.

கைமாற்று அதிகமானால் தசைக்குள் அமிலத்தன்மை ஏறும், கால் இரும்பாகக் கனக்கும். லாக்டிக் அமிலம்தான் குற்றவாளி என்று நெடுங்காலம் சொல்லிவந்தோம். பாவம், அதன் மேல் போட்டது வீண்பழி. அப்போது உண்டாகும் லாக்டேட்டை இதயம் எரிபொருளாகவே பயன்படுத்திக்கொள்கிறது. ஓடி முடித்த பின்னும் மூச்சு வாங்குகிறதல்லவா? வாங்கிய கைமாற்றைத் திருப்பிக் கட்டும் வேலையும் அதில் அடங்கும்.

400 மீட்டரில் கைமாற்றும் சில்லறையும்தான் பாதிக்கு மேல். 800 மீட்டரிலோ சம்பளத்தின் கைதான் ஓங்கும். ஒன்றுக்குப் பாய்ச்சல் காட்டும் தசைநார்கள் வேண்டும், மற்றதற்கு நீடித்து உழைக்கும் தசைநார்களும் வலுவான இதயமும் வேண்டும். அதனால் பெரும்பாலோர் ஏதாவது ஒன்றைத்தான் பிடித்துக்கொள்வார்கள். ஹுவான்தொரேனா 400 மீட்டர்க்காரர். 800 மீட்டர் அவருக்குப் புதுசு. ஆனாலும் 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் இரண்டுக்கும் பெயர் கொடுத்தார்.

ஜூலை 25, 800 மீட்டர் இறுதி. முதல் சுற்றை 51 நொடி அளவில் முடித்தார். இவ்வளவு வேகமாகப் போனால் கடைசியில் கால் கட்டிக்கொள்ளும் என்றுதான் யாருக்கும் தோன்றும். கட்டிக்கொள்ளவில்லை. 1 நிமிடம் 43.50 நொடி, புதிய உலக சாதனை! பெல்ஜியத்தின் ஈவோ வான் தாம் இரண்டாவதாக வந்தார்.

நான்கே நாளில், ஜூலை 29 அன்று, 400 மீட்டர் இறுதி. கடைசி நேர்ப்பாதையிலும் அமெரிக்காவின் ஃபிரெட் நியூஹவுஸ் முன்னால் இருந்தார். குதிரை பின்னாலிருந்து வந்து தாண்டியது. 44.26 நொடி, இரண்டாவது தங்கம். ஒரே ஒலிம்பிக்கில் இந்த இரண்டையும் வென்ற ஆண் அவர் ஒருவர்தான்.

எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்தது அந்தக் கடைசி நூறு மீட்டர்தான். பார்ப்பவர்களுக்கு அவர் திடீரென வேகம் கூட்டியதுபோலத் தோன்றும். ஆனால் 400 மீட்டரின் முடிவில் யாராலும் வேகம் கூட்ட முடியாது. எல்லோருக்கும் வேகம் குறையும். 800 மீட்டரும் ஓடக்கூடிய அவருக்கு மற்றவர்களைவிடக் குறைவாகக் குறைந்தது, அவ்வளவுதான்.

மறு ஆண்டு சோஃபியா நகரில் தன் 800 மீட்டர் சாதனையைத் தானே 1 நிமிடம் 43.44 நொடியாகக் குறைத்தார். 1979இல் இங்கிலாந்தின் செபாஸ்டியன் கோ அதை முறியடித்தார். 1983 ஹெல்சிங்கி உலகப் போட்டியில், 800 மீட்டர் தகுதிச் சுற்றில் எல்லைக்கோட்டைத் தாண்டிய பிறகு பாதையின் உள்விளிம்பை மிதித்ததில் ஹுவான்தொரேனாவின் பாதம் முறிந்தது.

அடுத்த முறை தொலைக்காட்சியில் 400 மீட்டர் பந்தயம் வந்தால் முன்னால் ஓடுபவரை விட்டுவிடுங்கள். மூன்றாவதாகவோ நான்காவதாகவோ வருபவரின் எட்டைப் பாருங்கள், கடைசி நூறு மீட்டரில் அது எவ்வளவு சுருங்குகிறது என்று.