மூச்சை நிறுத்தக் கற்றுத்தரும் படிப்பு

ஆம்புலன்ஸ் என்றால் நோயாளியை ஏற்றிக்கொண்டு மருத்துவமனைக்கு விரையும் வண்டி என்றே நம்மில் பலர் எண்ணியிருக்கிறோம். அதில் வருபவருக்கு முதலுதவி தெரிந்தால் போதாதா, பட்டப்படிப்பு எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். தென்னாப்பிரிக்காவில் இதற்கென்றே நான்காண்டுப் பட்டம் ஒன்று உண்டு. டர்பன், கேப்டவுன், ஜோஹன்னஸ்பர்க் முதலிய நகரங்களின் பல்கலைக்கழகங்கள் இதை நடத்துகின்றன. 'அவசர மருத்துவப் பராமரிப்பு' என்பது படிப்பின் பெயர்.

நான்கு ஆண்டுகள் அப்படி என்னதான் படிக்கிறார்கள்? ஒரே ஒரு செயலை எடுத்துக்கொண்டு பார்ப்போம்.

சாலை விபத்தில் ஒருவருக்குத் தலையில் பலத்த அடி. நினைவில்லை. மூச்சு சீராக இல்லை. பற்களை இறுகக் கடித்துக்கொண்டிருக்கிறார். மூளைக்கு ஆக்சிஜன் அடியோடு நின்றுவிட்டால் நான்கைந்து நிமிடங்களிலேயே அதன் செல்கள் அழியத் தொடங்கும். எனவே மூச்சுக்குழலுக்குள் ஒரு குழாயைச் செலுத்தி ஆக்சிஜன் கொடுக்கவேண்டும். வாயோ திறக்க மறுக்கிறது. என்ன செய்வது?

உறக்க மருந்துடன், தசைகளைத் தளர்த்தும் மருந்தையும் ஊசி மூலம் செலுத்துகிறார்கள். சக்சமெத்தோனியம் அத்தகைய மருந்துகளில் ஒன்று. நரம்பிலிருந்து தசைக்குச் செய்தி கொண்டுசெல்லும் அசெட்டைல்கோலின் என்னும் பொருளின் இரண்டு மூலக்கூறுகளை ஒட்டவைத்தது போன்ற அமைப்புடையது. ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் உடலின் தசைகள் தளர்ந்துவிடும். தாடை திறக்கும். ஆனால் மூச்சு விடுவதும் தசைகளின் வேலைதானே! அதுவும் நின்றுவிடும். நோயாளிக்கு மிச்சமிருந்த சொந்த மூச்சையும் நாமே பறித்துவிட்டோம். இனிக் குழாய் சரியாகப் போயாகவேண்டும்.

எவ்வளவு நேரம் இருக்கிறது? கணக்குப் போடுவோம். சாதாரணமாக மூச்சை வெளிவிட்ட பிறகும் நுரையீரலில் சுமார் 2,500 மில்லிலிட்டர் காற்று தங்கியிருக்கும். அதில் ஆக்சிஜன் ஏறக்குறைய 14 விழுக்காடு, அதாவது 350 மில்லிலிட்டர். உடல் நிமிடத்திற்குச் சுமார் 250 மில்லிலிட்டர் செலவழிக்கிறது. ஒன்றரை நிமிடம்கூடத் தாங்காது.

ஆகவே மருந்து கொடுக்குமுன் சில நிமிடங்கள் தூய ஆக்சிஜனைச் சுவாசிக்கச் செய்கிறார்கள். நுரையீரலில் இருந்த நைட்ரஜன் வெளியேறி அதன் இடத்தை ஆக்சிஜன் பிடித்துக்கொள்கிறது. இருப்பு 2,000 மில்லிலிட்டரைத் தாண்டும். நலமாயுள்ளவருக்கு இது எட்டு நிமிடம் வரை போதும். நெஞ்சில் அடிபட்டவருக்கோ, மிகப் பருமனானவருக்கோ, குழந்தைக்கோ அவ்வளவு கிடைக்காது. வேதியியல் பாடத்தில் வாயுக்களின் கணக்கைக் கண்டு அலுத்துக்கொள்பவர்கள் இதைக் கவனிக்க!

இன்னொரு ஆபத்தும் உண்டு. மூச்சுக்குழலுக்குப் பின்னால் உணவுக்குழல் இருக்கிறது. குழாய் தவறி அதற்குள் போய்விட்டால் ஆக்சிஜன் எல்லாம் வயிற்றுக்குத்தான். இரைச்சல் மிக்க சாலையோரத்தில் காதால் கேட்டு இதைக் கண்டறிவது கடினம். அதனால் வெளிவரும் காற்றில் கரியமில வாயு இருக்கிறதா என்று அளக்கும் கருவியைப் பொருத்துகிறார்கள். மூச்சுக்கு மூச்சு அதன் திரையில் அலை எழுந்தால் குழாய் மூச்சுக்குழலில் இருக்கிறது. அலை இல்லையெனில் குழாயை உருவிவிட்டு, முகமூடியால் ஆக்சிஜன் கொடுத்து, மறுபடி முயலவேண்டும். தயங்கி நிற்க நேரமில்லை.

மருந்து கொடுக்காமலிருப்பதே நல்லது என்று முடிவுசெய்யவேண்டிய நோயாளிகளும் உண்டு. அந்த முடிவெடுக்கத்தான் அதிகம் படிக்கவேண்டியிருக்கிறது என்பது என் கருத்து. உடற்கூறு, உடலியங்கியல், மருந்தியல் ஆகியவற்றுக்கு இந்தப் படிப்பில் பெரும் பங்கு உண்டு.

முன்பு அந்நாட்டில் சில வாரப் பயிற்சி பெற்றோரும் ஆம்புலன்ஸ் பணியில் சேர்ந்தனர். அத்தகைய குறுகிய பயிற்சிகளுக்குப் பதிலாக இப்போது ஓராண்டுச் சான்றிதழ், ஈராண்டுப் பட்டயம், நான்காண்டுப் பட்டம் என மூன்று படிகள் உள்ளன. மேலே சொன்ன மருந்தைக் கையாளும் உரிமை பட்டம் பெற்றவர்களுக்கு உண்டு.

வகுப்பறையோடு படிப்பு முடிவதில்லை. மருத்துவமனையிலும் ஆம்புலன்ஸிலும் பணியாற்றிப் பழகவேண்டும். நசுங்கிய காரை வெட்டித் திறக்கவும், மலைச்சரிவில் கயிறு கட்டி இறங்கவும், நீரில் மூழ்குபவரை மீட்கவும் பயில்கிறார்கள். நீந்தத் தெரியாதவர்கள் முதலில் அதைக் கற்றுக்கொண்டாக வேண்டும்.